பசங்களோட சேர்ந்து பண்டிகை ட்ரீட்ஸ் பண்ணப் போறீங்களா? சொதப்புற இடமெல்லாம் இதுதான்

மூக்கு சிவந்த மான் குக்கீ, தொப்பி போட்ட மார்ஷ்மெல்லோ பொம்மை, ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாக்குற சாக்லேட் பேய், இப்படி விதவிதமா படத்தப் பாத்துட்டு "இந்த லீவுக்கு நாமளே பண்ணலாம்டா"ன்னு வாக்கு குடுத்துடுவோம். அப்புறம் அன்னைக்குப் பாத்தா மாவு ஒட்டும், ஐசிங் வழியும், சின்னது அழும், பெருசு போன எடுத்துட்டு நழுவிடும், கடைசில நாம மட்டும் தனியா உக்காந்து கண்ணு ஒட்டிட்டு இருப்போம். இதுல ரெசிபி மேல பழி போட முடியாதுங்க, அது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். எந்த வேலை யாரோடது, எத முந்தி செய்யணும் எத பிந்தி செய்யணும்ங்கிறதுலதான் கோட்டை விடுறோம். அடுப்பு, ஓவன், ஆற வைக்கிறது, காய வைக்கிறது எல்லாம் பெரியவங்க வேலை, அது முன்னாடியே முடிஞ்சிருக்கணும். பசங்க வந்து உக்காரும்போது மேசை மேல கைக்கு வேலை மட்டும்தான் இருக்கணும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிறது

குக்கீயவே எடுத்துக்கோங்க. மாவு பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல குறைஞ்சது அரை மணி நேரம் வைக்கணும், தேய்ச்சு வெட்டணும், 175-180 டிகிரில 8 லேருந்து 12 நிமிஷம் பேக் பண்ணணும், முழுசா ஆறணும், அப்புறம்தான் ஐசிங். அதாவது முக்காவாசி நேரம் காத்திருக்கிற வேலை. நாலு வயசுப் புள்ளை இதுக்கெல்லாம் உக்காராது, உக்காரணும்னு எதிர்பாக்குறதும் நியாயம் இல்ல. முந்தின நாளே மாவு ரெடி பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. கட்டர் அழுத்துறது பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை ஒரு நாள் வச்சுக்கலாம். அலங்காரம் அடுத்த நாள். ஐசிங் போடாத குக்கீ காத்துப் புகாத டப்பாவுல சில நாள் நல்லாவே இருக்கும், அதனால அவசரமே இல்ல.

மாவு தேய்க்கும்போது ஒட்டுதுன்னு மேல மேல மைதா தூவுவோம் பாருங்க, அதுதான் குக்கீய கட்டியாக்குது. ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சு தேய்ச்சா மைதாவே வேண்டாம். பசங்க பூரிக்கட்டைய உருட்டுனா ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெல்லிசா வரும், அதுக்கு மாவோட ரெண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் உயரத்துல ஒரே அளவு ஸ்கேலோ மரப்பட்டையோ வச்சுட்டு கட்டைய அது மேல உருட்டச் சொல்லுங்க, யாரு உருட்டுனாலும் சமமா வரும். வெட்டுன பிறகு வடிவத்தை தூக்காதீங்க, கை கால் எல்லாம் பிஞ்சுடும். சுத்தி இருக்கிற மிச்ச மாவை உரிச்சு எடுத்துட்டு, பேப்பரோட அப்படியே ட்ரேயில வைங்க. ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடி ட்ரேய இன்னொரு தடவ பத்து நிமிஷம் குளிர வச்சா வடிவம் பரவாது. மான் கொம்பு, பூனை வால் மாதிரி ஒல்லியான இடமெல்லாம் முதல்ல கருகும்ங்கிறதால சின்னதெல்லாம் ஒரு ட்ரே, பெருசெல்லாம் ஒரு ட்ரேன்னு பிரிச்சு வைங்க.

கிண்ணத்தை வழிச்சு நக்க விடுறது

இதுக்கு நிறைய பேர் கோவப்படுவாங்க, "நாங்கெல்லாம் சாப்பிட்டுத்தான் வளந்தோம்"னு. பச்சை முட்டைல சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா முட்டையே போடலைன்னா பயமில்லன்னு நினைச்சுக்கிறாங்க. மைதாவும் பச்சைப் பொருள்தாங்க. வயல்லேருந்து வந்த கோதுமைய அரைச்சிருக்காங்களே தவிர, கிருமி சாகிற அளவுக்கு சூடு காட்டல. ஈ.கோலை, சால்மோனெல்லா ரெண்டுமே பச்சை மாவு வழியா பரவி ஜனங்க ஆஸ்பத்திரில சேர்ந்த சம்பவங்கள் இருக்கு, சின்னப் பசங்களுக்கு அது சாதாரண வயித்துப்போக்கோட நிக்காம கிட்னி வரைக்கும் போகலாம். வீட்லயே மாவை வறுத்துட்டா சரியாயிடும்னு சொல்றதையும் நம்பாதீங்க, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சூடு ஏறுச்சான்னு கண்டுபிடிக்க வழியில்ல. நக்குறதுக்குன்னு தனியா உருக்குன சாக்லேட் ஒரு கிண்ணம் குடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சுது. மாவு தொட்ட கையை சோப்பு போட்டு கழுவ வைக்கிறதும் முக்கியம், ஏன்னா அடுத்த நிமிஷம் அது வாய்க்குத்தான் போகும்.

அதே கதைதான் ராயல் ஐசிங்குக்கும், அதாவது வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் சேத்து அடிக்கிற, காஞ்சா கெட்டியாகுற ஐசிங். பச்சை முட்டை வெள்ளைக்கருவ அடிச்சுப் பண்ணாம மெரிங் பவுடர்லயோ (காய வச்ச வெள்ளைக்கருத் தூள்) பாஸ்சரைஸ் பண்ண, அதாவது கிருமி சாகச் சூடு காட்டுன வெள்ளைக்கருலயோ பண்ணுங்க. அதுவும் கிடைக்கலைன்னா ஐசிங் சுகர்ல ஸ்பூன் ஸ்பூனா பால் விட்டுக் குழைச்சாலே போதும், அவ்வளவு கெட்டியா காயாது, ஆனா பசங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

ஐசிங் வழியுது, கண்ணு தாடைக்கு வந்துடுது

ரெண்டே காரணம். ஒண்ணு, குக்கீ இன்னும் ஆறல. வெண்ணெய் 32-35 டிகிரிலயே உருகிடும், கைக்கு வெதுவெதுப்பா தெரிஞ்சா கூட ஐசிங் நிக்காது. ரெண்டாவது, பதம் தப்பு. கிண்ணத்துல இருக்கிற ஐசிங்ல கத்தியால ஒரு கோடு இழுத்துப் பாருங்க, 15-20 செகண்ட்ல கோடு மறைஞ்சு மேற்பரப்பு சமமாச்சுன்னா நிரப்புறதுக்கு சரியான பதம். அதுக்கு முன்னாடியே மூடிட்டா தண்ணியா இருக்கு, இன்னும் ஐசிங் சுகர் சேர்க்கணும். கண்ணு மூக்கு ஒட்டுறதுக்கும் ஓரம் வரையறதுக்கும் மட்டும் கோடு அப்படியே நிக்கிற மாதிரி கெட்டியா தனியா எடுத்து வைங்க. எடுத்து வச்ச கிண்ணத்து மேல ஈரத்துணி போட்டு மூட மறந்துடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல ஆடை கட்டிடும், அந்த ஆடைத் துண்டு பைப்பிங் பேக் (ஐசிங் பிழியிற பை) நுனி ஓட்டைய அடைச்சுட்டா பசங்க வேகமா அமுக்குவாங்க, பை பின்பக்கமா வெடிக்கும்.

பைப்பிங் பேக்னு சொன்னா ஞாபகம் வருது, அதை முழுசா ரொப்பிக் குடுக்காதீங்க. அந்தக் குட்டிக் கைக்கு மூணு ஸ்பூன் ஐசிங் போதும், மேல் பக்கத்தை ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டிடுங்க, நுனில ஓட்டைய ரொம்பச் சின்னதா வெட்டுங்க. பெருசாக்கணும்னா அப்புறம் வெட்டிக்கலாம், சின்னதாக்க முடியாது.

கலர் விஷயத்துல ஆசை அடங்காது. எட்டு கலர் மேசைல வச்சீங்கன்னா பத்து நிமிஷத்துல எல்லாம் கலந்து ஒரு சேத்து நிறம் வரும், மூணு கலர் போதும், அதுவும் கலந்தா பாக்க சகிக்கிற மாதிரி கலர். தண்ணி மாதிரி இருக்கிற லிக்விட் கலர் ஊத்துனா ஐசிங்கோட பதமே போயிடும், ஜெல் கலரை டூத்பிக் நுனில தொட்டு விடுங்க. சிவப்பும் கருப்பும் கலந்த உடனே வெளிறித்தான் தெரியும், இன்னும் ஊத்து இன்னும் ஊத்துன்னு ஊத்தி கடைசில கசந்து போகும், நாக்கெல்லாம் சாயம். முந்தின ராத்திரியே கலந்து மூடி வச்சுட்டா காலைல தானா நிறம் ஏறி நிக்கும்.

சாக்லேட்ல ஒரு சொட்டுத் தண்ணி

சாக்லேட்ங்கிறது கொக்கோ தூளும் சர்க்கரைத் துகளும் கொக்கோ பட்டர்ல மிதந்துட்டு இருக்கிற ஒரு சமாச்சாரம், உள்ள ஈரமே கிடையாது. டபுள் பாய்லர் (சுடுதண்ணிப் பாத்திரம் மேல கிண்ணம் வச்சு உருக்குறது) ஆவி, ஈர ஸ்பூன், சரியா துடைக்காத ஸ்ட்ராபெரி, எதுலேருந்தாவது கொஞ்சம் தண்ணி போனா அந்த சர்க்கரை ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நொடில மொத்தமும் ஈர மண்ணு மாதிரி திரிஞ்சு போகும். வெள்ளை சாக்லேட்டுக்கு கலர் குடுக்கிறேன்னு ஐசிங்குக்கு வச்சிருந்த ஜெல் கலரை விட்டாலும் இதேதான் நடக்கும், அதுக்குன்னு எண்ணெய்ல கரையிற கலர் தனியா இருக்கு. திரிஞ்சதைத் தூக்கிப் போடாதீங்க. முக்கி எடுக்க இனிமே ஆகாது, ஆனா வெதுவெதுப்பான பாலோ க்ரீமோ ஸ்பூன் ஸ்பூனா விட்டுக் கலக்கிட்டே வந்தா நல்ல சாஸ் ஆயிடும், முன்ன சொன்ன நக்குற கிண்ணத்துக்கு அதுவே ஆச்சு.

உருக்குறதுக்கு மைக்ரோவேவ்தான் சுலபம். பாதி பவர், 20-30 செகண்ட் வச்சு எடுத்து கலக்கணும், திரும்ப வைக்கணும். கொஞ்சம் கட்டி பாக்கி இருக்கும்போதே நிறுத்திட்டு கலக்குனா அந்தச் சூட்டுலயே கரைஞ்சிடும். ஒரேயடியா ரெண்டு நிமிஷம் வச்சா வெளிய பாக்க அப்படியே இருக்கும், உள்ள கருகியிருக்கும், வெள்ளை சாக்லேட் இன்னும் சீக்கிரம் கருகும்.

அப்புறம் டெம்பரிங். டார்க் சாக்லேட்டை 45-50 டிகிரி வரை உருக்கி, 27-28க்கு இறக்கி, திரும்ப 31-32க்கு ஏத்துனாத்தான் பளபளன்னு 'டப்'னு உடையிற மாதிரி செட் ஆகும், இல்லன்னா வெள்ளை வெள்ளையா பூத்துடும். பசங்க பக்கத்துல குதிச்சிட்டு இருக்கும்போது தெர்மாமீட்டர் பிடிச்சிட்டு நிக்கிறது எனக்கு சரிப்பட்டு வராது, காம்பவுண்ட் சாக்லேட் வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன். அதுல கொக்கோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கும், ருசி ஒரு படி கம்மிதான், ஆனா டெம்பரிங்கே தேவையில்ல.

முக்கி எடுத்ததை எல்லாம் வரிசையா வச்சுட்டு "இப்ப கண்ணு ஒட்டலாம் வாங்க"ன்னு கூப்பிடாதீங்க, அதுக்குள்ள முதல் அஞ்சு காஞ்சிருக்கும், கண்ணு உருண்டு ஓடும். ரெண்டு முக்கு, ரெண்டு ஒட்டு, அப்படிப் போங்க. காஞ்சு போச்சுன்னா டூத்பிக்ல ஒரு பொட்டு சாக்லேட் தொட்டு பசையா வச்சுக்கலாம்.

சூடான சர்க்கரைப் பாகு

லாலிபாப், கேரமல் எல்லாம் பசங்களோட சேர்ந்து பண்ற வேலையே இல்ல. கொதிக்கிற தண்ணி 100 டிகிரி, கெட்டி மிட்டாய்க்குப் பாகு 150 டிகிரிக்குப் போகும், அதோட தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடாது, தோல்ல ஒட்டிக்கிட்டே சுட்டுட்டு இருக்கும். "தள்ளி நில்லு"ன்னு சொல்றது பத்தாது, அந்த நேரத்துல அடுக்களைக்குள்ளயே யாரும் வரக் கூடாது. உருக்குன மார்ஷ்மெல்லோவும் இந்த ஜாதிதான், பாக்க பஞ்சா இருக்கும், தொட்டா விடாது.

ஜிஞ்சர்பிரெட் வீடு (இஞ்சி குக்கீல கட்டுற குட்டி வீடு) ஆசை இருந்தா சுவர் நாலையும் முந்தின நாளே கெட்டி ஐசிங்ல ஒட்டி, டம்ளர் முட்டுக் குடுத்து நிறுத்தி வைங்க, அது இறுகுன பிறகுதான் கூரை. எல்லாத்தையும் அன்னைக்கே ஒட்டுனா கூரை சறுக்கிட்டு வந்து மடில விழும். பசங்களுக்கு வீடு கட்டுறதவிட அதுல மிட்டாய் பதிக்கிறதுதான் திருவிழா, நின்ன வீட்டைக் குடுங்க.

மேல தூவுறது, உள்ள செருகுறது

இதுலதான் நிஜமான ஆபத்து ஒளிஞ்சிருக்கு. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு முழு பாதாம், முந்திரி, கெட்டி மிட்டாய், பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ எல்லாம் தொண்டைல அடைக்கக்கூடியது. திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டணும். பொம்மை தலை நிக்கணும்னு உள்ள டூத்பிக் செருகுறவங்க, வெளிய தெரியாம செருகுனீங்கன்னா கடிக்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? மெல்லிசான குச்சி பிஸ்கட்ட செருகுங்க, அதையும் சேத்தே சாப்பிட்டுடலாம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் கலந்தது எதையும் ருசி கூடக் காட்டாதீங்க, பாட்டுலிசம்னு ஒரு நோய் வர வாய்ப்பிருக்கு.

பளபளா தூள் வாங்கும்போது டப்பாவப் பொறுமையா படிங்க. 'நச்சில்லாதது'ன்னு போட்டிருந்தா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல, சாப்பிடத் தக்கதுன்னு தெளிவா போட்டு, என்னென்ன சேத்திருக்காங்கன்னு பட்டியலும் இருக்கணும். 2018ல அமெரிக்காவோட ரோட் ஐலண்ட் மாகாணத்துல பிறந்தநாள் கேக் மேல தடவுன ரோஸ் கோல்ட் தூளால ஆறு குழந்தைகளுக்கு வாந்தி பேதி, அந்தத் தூள்ல இருந்தது செம்பு.

யாருக்காவது குடுத்தனுப்புறதா இருந்தா அலர்ஜி கேட்டுக்கோங்க. வேர்க்கடலை வெண்ணெய் தொட்ட அதே கத்தியால அடுத்தத வெட்டுனா அதுலயும் கடலைதான். டப்பா மேல என்னென்ன போட்டதுன்னு ஒரு சீட்டு ஒட்டிடுங்க. வீட்ல நாய் இருந்தா சாக்லேட், உலர் திராட்சை, சைலிட்டால் போட்ட சுகர்ஃப்ரீ மிட்டாய் எதுவும் கீழ விழாம பாத்துக்கணும், மூணுமே அதுக்கு விஷம்.

நாம போய் திருத்துறது

மூணாவது கண்ணு வச்ச மானைப் பாத்ததும் நம்ம கை சும்மா இருக்காது, மெல்ல ஒரு கண்ணை எடுத்து ஓரமா வச்சிடுவோம். அதோட அந்தப் புள்ளைக்கு ஆர்வம் போச்சு. அழகா நாலு வேணும்னா உங்களுக்குன்னு நாலு குக்கீ எடுத்துக்கிட்டு உங்க இஷ்டத்துக்குப் பண்ணுங்க, அவங்க பங்குல கை வைக்காதீங்க. ஸ்பிரிங்கிள்ஸ் பாட்டில மட்டும் முழுசா குடுத்துடாதீங்க, ஒரே குக்கீல மொத்தமும் காலி. மஃபின் ட்ரே குழில கொஞ்சம் கொஞ்சமா போட்டு குட்டி ஸ்பூன் வைங்க, ஒவ்வொருத்தருக்கும் கீழ ஓரம் உயர்ந்த தட்டு ஒண்ணு வச்சுட்டா சிந்துனதை எடுத்து திரும்பப் போட்டுக்கலாம், கூட்டுற வேலையும் மிச்சம்.

முடிச்ச கையோட டப்பாவுல அடுக்கிடாதீங்க. ராயல் ஐசிங் மேல தொட்டா காஞ்சிருக்கும், உள்ள ஈரமாத்தான் இருக்கும், ராத்திரி பூரா விட்டுட்டு காலைல பட்டர் பேப்பர் நடுவுல போட்டு அடுக்குங்க. மொறுமொறு குக்கீயும் மெத்து மெத்துன்னு இருக்கிறதும் ஒரே டப்பாவுல போட்டா மொறுமொறு நமுத்துப் போகும், தனித்தனியா வைங்க. சாக்லேட் முக்குனதை ஃப்ரிட்ஜ்ல செட் ஆக வச்சீங்கன்னா பத்து பதினஞ்சு நிமிஷத்துல எடுத்துடுங்க, ரொம்ப நேரம் விட்டா வெளிய வந்ததும் வேர்த்துக் கொட்டும். அடுக்குறதுக்கு முன்னாடி எது யாரு பண்ணதுன்னு பேப்பர் ஓரத்துல பேர் எழுதிடுங்க, இல்லன்னா மறுநாள் காலைல அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.