ராஜாஜியின் முதல் ஆட்சி: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

விழா மலர் ஒன்றுக்கு ராஜாஜியைப் பற்றி வந்த கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் இளைஞர்கள். பிழைகள் மட்டும் என்னுடையவை. இருபது வருடம் முன்பு நான் செய்த அதே பிழைகள். இனிஷியல், பிறந்த தேதிக் குளறுபடிகளை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

பதவியின் பெயர்

1937 முதல் 1939 வரை ராஜாஜி சென்னை மாகாணத்தின் 'பிரதமர்', 'முதலமைச்சர்' இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த மாகாண அமைச்சரவையின் தலைவரை அப்படித்தான் அழைத்தார்கள். 1947இல் வந்த ஓமந்தூராரும் பிரதமர்தான். 'முதலமைச்சர்' என்பது நிலைத்தது 1950இல்.

மாகாணத்தின் முதல் பிரதமர்

அவர் இல்லை. கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை.

கட்டாய இந்தியை விலக்கியது யார்?

"போராட்டத்துக்குப் பணிந்து ராஜாஜி இந்தியைத் திரும்பப் பெற்றார்." இந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே ஒரு மலரில் எழுதி, அச்சாகி, வெளியீட்டு விழாவுக்கும் போய் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, 1940 பிப்ரவரியில ராஜாஜி எந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தார்?"

எந்த நாற்காலியிலும் இல்லை. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். இந்தியை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தபோதும் அவர் அசையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. அக்டோபர் கடைசியில் ராஜாஜியும் இறங்கினார். ஆளுநர் ஆட்சி வந்தது. 1940 பிப்ரவரி 21இல் கட்டாயத்தை நீக்கியது ஆளுநர் எர்ஸ்கினின் அரசு.

'பணிந்தார்' என்ற ஒரே சொல்லில் அவருடைய பிடிவாதம், ராஜினாமா, ஆளுநர் ஆட்சி மூன்றும் காணாமல் போகின்றன. ஆனால் அந்த வரி சாகாது. எதிர்ப்பாளர்களுக்கு அது வெற்றி, அபிமானிகளுக்கு அது பெருந்தன்மை; இரு தரப்புக்கும் பிடித்த பிழையை யார் திருத்துவார்கள்? அன்றிரவு பசை டப்பாவோடு உட்கார்ந்து பிரதி பிரதியாகத் திருத்தச் சீட்டு ஒட்டினேன். அச்சுக்கூலி என் தலையில்.

குலக்கல்வி

பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்துக்கு எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர். வந்தது 1953. அது இரண்டாம் ஆட்சி.

மதுவிலக்கு

மாகாணம் முழுவதும் இல்லை. 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. பிறகு சில மாவட்டங்கள் சேர்ந்தன, அவ்வளவுதான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. கடையில் பில் வாங்கும்போதாவது ஞாபகம் வர வேண்டாமா?