கருத்துச் சொல்லும்போது காக்க வேண்டியவை: காணொலிப் படைப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ காணொலி வெளியிடத் தொடங்கி, சில நூறு பேராவது தவறாமல் பார்க்கிறார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம்பிடிக்கவும் தொகுக்கவும் கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். பார்ப்பவரிடம் எப்படிப் பழகுவது, ஒரு பொருளைப் பற்றியோ கடையைப் பற்றியோ கருத்தை எப்படிச் சொல்வது என்பதைத்தான் பெரும்பாலோர் அடிபட்டுக் கற்கிறார்கள்.

பார்ப்பவர் உங்களை எப்படி நினைக்கிறார் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தம்மைப் பார்த்துப் பேசுவது போலப் பேசுகிறவர்களை, மக்கள் நேரில் பழகியவர்களைப் போலவே உணர்கிறார்கள் என்று டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1956இலேயே எழுதினார்கள். படுக்கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் உங்கள் குரலைக் கேட்பவருக்கு நீங்கள் அண்ணன் அல்லது அக்கா. உங்களுக்கோ அவர் ஒரு பயனர் பெயர் மட்டுமே. கடைக்காரர் சொன்னால் நான்கு இடங்களில் விலை விசாரிக்கும் ஒருவர், ‘அக்கா சொன்னாங்க’ என்று விசாரிக்காமலே வாங்கிவிடுவதற்கு இந்த நெருக்கமே காரணம். நீங்கள் கேட்டுப் பெறாத நம்பிக்கை என்றாலும், அதற்குப் பொறுப்பு உங்களுடையதுதான்.

ஆகவே கருத்துச் சொல்லும்போது, பார்த்தது எது, நினைப்பது எது என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். இரும்புத் தோசைக்கல் ஒன்றைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். புதுக்கல்லை எண்ணெய் தடவிக் காயவைத்துப் பல நாள் பழக்கினால்தான் தோசை ஒட்டாமல் வரும் என்பது சமைப்பவர் அனைவரும் அறிந்ததே. வாங்கிய அன்றே ‘தோசை ஒட்டுகிறது, வாங்காதீர்கள்’ என்று சொல்வது கல்லுக்கும் அநியாயம், பார்ப்பவருக்கும் பயனில்லை. என்ன எடை, என்ன விலைக்கு வாங்கினீர்கள், எத்தனை நாள் புழங்கினீர்கள், எந்த அடுப்பில் வைத்தீர்கள் என்பவற்றை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று சொன்னால், உங்களோடு உடன்படாதவரும் அந்த விவரங்களைக் கொண்டு தாமே முடிவெடுக்க முடியும். என்னைக் கேட்டால், நல்ல விமர்சனத்துக்கு இதுதான் உரைகல்.

உணவகங்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘நான் சாப்பிட்ட அன்று சாம்பார் புளித்திருந்தது’ என்பது உங்கள் அனுபவம். ‘இங்கே அழுகிய காய்கறியைத்தான் போடுகிறார்கள்’ என்பது குற்றச்சாட்டு. அடுக்களைக்குள் போய்ப் பார்க்காமல் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைக் கெடுப்பது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறாகக் கருதப்படலாம். அதற்கு 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு.

அடுத்தது பணம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்கினால் மட்டுமல்ல, இலவசமாகப் பொருள், தள்ளுபடி, தங்கும் விடுதி, பயணம் என எதைப் பெற்றிருந்தாலும் அதைப் பார்ப்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நிறுவனம் உறவினருடையதாக இருந்தாலும் இதே விதிதான். அந்த அறிவிப்பு, நீங்கள் பேசும் அதே மொழியில், காணொலியில் எழுத்தாகவும் குரலாகவும் இருக்க வேண்டும். நேரலை என்றால் திரையில் தொடர்ந்து தெரிய வேண்டும். குறிச்சொற்களின் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்தால் அது அறிவிப்பாகாது. தமிழில் பேசிவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டுக் கடந்துவிடுவதும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அதில் தோன்றிப் பரிந்துரைத்தவரை ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றவிடாமல் தடுக்கவும் முடியும்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ‘இந்த மிக்ஸியை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது, குறை சொல்லக் கூடாது என்று எந்த நிபந்தனையும் இல்லை’ என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் பாராட்டை மக்கள் சந்தேகமின்றிக் கேட்பார்கள். அப்படி நிபந்தனை இருந்தால், அந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள்.

பின்னூட்டங்களுக்கு நாளில் ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பவருக்கு முதலில் பதில் சொல்லுங்கள். புகழ்பவருக்கு இதயக்குறி ஒன்று போதும். காரணத்தோடு மறுப்பவரின் பின்னூட்டத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். வசை, சாதிப்பெயர், பெண்களை இழிவுசெய்யும் சொற்கள் ஆகியவற்றை யூடியூபின் தடைச்சொல் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிடலாம். தமிழ் எழுத்திலும் தங்கிலீஷிலும் சேர்ப்பது அவசியம், ஏனென்றால் ஒன்றை மட்டும் சேர்த்தால் மற்றொன்றின் வழியாக வந்துவிடும். உங்களைத் திட்டியவரின் பின்னூட்டத்தைப் பெயரோடு படம்பிடித்துக் காட்டாதீர்கள். நீங்கள் ஏவாவிட்டாலும், உங்கள் மேல் அன்புள்ளவர்கள் கூட்டமாகச் சென்று அவரைத் தாக்குவார்கள்.

தனிச்செய்தியில் குடும்பச் சிக்கலையும் கடனையும் சொல்லி ஆறுதல் தேடுபவர்கள் வருவார்கள். கனிவாக ஒரு பதில் எழுதுங்கள். ஆனால் மருத்துவரோ வழக்கறிஞரோ சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லாதீர்கள். தொடர்புகொள்பவர் பள்ளி மாணவர் என்று தெரிந்தால், தனிப்பேச்சைத் தொடராமல் பொதுவில் மட்டும் பதிலளியுங்கள்.

சொன்னது தவறென்று தெரிந்தால் காணொலியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் தவறான செய்தியோடுதான் இருப்பார்கள். எந்த நிமிடத்தில் என்ன தவறு, சரியானது என்ன என்று ஒரு பின்னூட்டமாக எழுதி மேலே பொருத்திவையுங்கள். விவரக்குறிப்பின் முதல் வரியிலும் அதையே எழுதுங்கள். ஒருவருடைய உடல்நலத்தையோ சேமிப்பையோ பாதிக்கும் தவறாக இருந்தால் அது போதாது. அடுத்த காணொலியைத் திருத்தத்தோடுதான் தொடங்க வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டியவர் ஒரு பின்னூட்டக்காரர் என்றால், அவர் சம்மதித்தால், நன்றியை அவர் பெயர் சொல்லியே தெரிவியுங்கள்.