முப்பத்தாறு வயசுல வொய்ட் பெல்ட்: கராத்தே முதல் மூணு மாசம் எப்படி ஆரம்பிக்கிறது

பையனை சேர்த்துவிட போன இடத்துல நானும் சேர்ந்துட்டேன். அவன் ரெண்டு மாசத்துல கீபோர்டு கிளாஸுக்கு ஓடிட்டான், நான் மாட்டிக்கிட்டேன். இப்ப ரெண்டாவது வருஷம். தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் "நாங்களும் ஆரம்பிக்கலாமா, எங்க ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டதால இதை எழுதுறேன். நான் கத்துக்கிறது ஷோட்டோகான், வேற ஸ்டைல்ல சின்ன சின்ன வித்தியாசம் இருக்கும், உங்க மாஸ்டர் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் முட்டிக்கிச்சுன்னா மாஸ்டர் சொல்றதை கேளுங்க.

1. கிளாஸை போய் பாருங்க, உடனே பணம் கட்டாதீங்க

ஒரு நாள் சும்மா ஓரமா உக்காந்து முழு கிளாஸும் பாருங்க. மாஸ்டர் முன்னாடி நின்னு நம்பர் மட்டும் எண்ணிட்டு போன் பார்க்குறாரா, இல்ல வரிசைக்குள்ள நடந்து ஒவ்வொருத்தர் முட்டியையும் முஷ்டியையும் தொட்டு திருத்துறாரா? இது ஒன்னு போதும். "ஒரே வருஷத்துல ப்ளாக் பெல்ட்"னு போர்டு வெச்சிருந்தா அப்படியே வண்டியை திருப்பிடுங்க. ப்ளாக் பெல்ட்டோட முதல் படிக்கு பேரு ஷோடான், அதுக்கு அர்த்தமே ஆரம்ப நிலைங்கிறது தான், அதுக்கே பல வருஷம் ஆகும். பெல்ட் எக்ஸாமுக்கு எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னு முதல் நாளே கேட்டுக்கோங்க, பின்னாடி கேட்டா ஒரு மாதிரி இருக்கும்.

எந்த ஸ்டைல்னு கேளுங்க. ஷோட்டோகான், கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு, இந்த நாலும் தான் பெருசா தெரிஞ்சது, கியோகுஷின்னு அடிச்சு ஆடுற ஸ்டைல் ஒன்னும் இருக்கு. ஆனா எந்த ஸ்டைல் பெஸ்ட்னு யூடியூப்ல சண்டை பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க, வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல இருக்குற நல்ல மாஸ்டர் தான் பெஸ்ட் ஸ்டைல்.

2. டிரஸ்ஸும் பெல்ட்டும்

முதல் ரெண்டு வாரம் டிராக் பேண்ட், டி ஷர்ட் போதும். அப்புறம் டிரஸ் வாங்கும்போது ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, காட்டன், துவைச்சா சுருங்கும். மேல் சட்டையில இடது பக்கம் தான் மேல வரணும். ஜப்பான்ல இறந்தவங்களுக்கு தான் வலது பக்கத்தை மேல போட்டு கட்டுவாங்க. இது தெரியாம நான் மூணு கிளாஸ் பிணம் மாதிரி போய் நின்னிருக்கேன்.

பெல்ட்டோட நடு பாகத்தை தொப்புளுக்கு கொஞ்சம் கீழ வெச்சு ரெண்டு முனையையும் முதுகுக்கு பின்னாடி கொண்டு போய் கை மாத்தி முன்னாடி இழுத்துட்டு வாங்க. ஒரு முனையை இன்னொன்னுக்கு மேல போட்டு, இடுப்புல இருக்குற ரெண்டு சுத்துக்கும் அடியில விட்டு மேல எடுங்க. இப்ப ரெண்டையும் இன்னொரு முடிச்சு போட்டு இறுக்குங்க. முடிச்சு படுத்த மாதிரி இருந்து ரெண்டு முனையும் ரெண்டு பக்கம் போனா சரி, ஒன்னு வானத்தையும் ஒன்னு தரையையும் பார்த்தா ரெண்டாவது முடிச்சை எதிர் பக்கமா போட்டு பாருங்க. கை கால் நகம் வெட்டிட்டு போங்க, வாட்ச், மோதிரம், அரைஞாண் கயித்துல தொங்குற தாயத்து எல்லாம் வீட்டுலயே.

3. முஷ்டி

நாலு விரல் நுனியையும் முதல்ல விரல் அடிக்கு மடக்கணும், அப்புறம் இன்னொரு தடவை உள்ளங்கைக்குள்ள சுருட்டணும், கட்டைவிரல் வெளிய வந்து ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் மேல பூட்டு மாதிரி உக்காரணும். கட்டைவிரலை உள்ள வெச்சு குத்துனா உடையிறது உங்க விரல் தான். அடி படவேண்டியது ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டோட முட்டியில மட்டும். சரியான்னு பார்க்க ஒரு வழி, அந்த ரெண்டு முட்டியையும் சுவத்துல ஊனி உடம்பு வெயிட்டை மெதுவா சாய்ங்க. மணிக்கட்டு மடங்குச்சுன்னா இன்னும் நேரா வரலைன்னு அர்த்தம்.

4. ஒரே ஒரு குத்து, ஆனா ரெண்டு கையால

இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றோம், நான் சொல்ல வந்ததே இதை தான். எல்லாரும் குத்துற கையை மட்டும் பார்ப்போம். கராத்தேல அதே அளவு வேலை செய்யறது இழுக்குற கை, ஜப்பானீஸ்ல ஹிகிட்டேன்னு சொல்வாங்க. எதிராளி கையை பிடிச்சு நம்ம பக்கம் இழுத்துட்டே குத்துறதுக்கு வந்தது அது. கிணத்து ராட்டினத்துல ஒரு பக்கம் வாளி மேல வந்தா இன்னொரு பக்கம் கயிறு கீழ போகுமே, அப்படி ஒரு கை போற வேகத்துல இன்னொரு கை திரும்பி வரணும்.

கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு வெச்சு நில்லுங்க. இடது கை நெஞ்சுக்குழி உயரத்துல நேரா முன்னாடி, வலது முஷ்டி இடுப்புக்கு கொஞ்சம் மேல, உள்ளங்கை வானத்தை பார்த்து. இப்ப வலது கையை அனுப்பும்போதே இடது கையை இழுங்க. ரெண்டு முழங்கையும் விலாவை உரசிட்டு தான் போகணும் வரணும், வெளிய விரியக்கூடாது. முஷ்டி திரும்புறது கடைசி நொடியில மட்டும், ஆரம்பத்துலயே திருப்புனா முழங்கை தானா வெளிய போயிடும். எங்க கிளாஸ்ல பத்து வயசு பிரவுன் பெல்ட் பொண்ணு ஒருத்தி இருக்கா, என் பக்கத்துல வந்து நின்னு "அங்கிள், உங்களுக்கு சட்டை சத்தமே வரலை"ன்னு சொன்னா. அவ குத்துனா கை விலாவுல உரசி "சர்"னு ஒரு சத்தம், அப்புறம் துணி "டப்"னு நிக்குது. எனக்கு அந்த "சர்" வர ஏழு வாரம் ஆச்சு.

முக்கியமா, காத்துல குத்தும்போது முழங்கையை கடைசி வரைக்கும் பூட்டாதீங்க, துளி மடக்கு இருக்கட்டும். நான் ஆர்வத்துல வீட்டுல தினம் இருநூறு குத்து முழு வேகத்துல பூட்டி பூட்டி அடிச்சு, பதினஞ்சு நாள் தண்ணி கேனை தூக்கி கவுக்க முடியாம பொண்டாட்டி தூக்குனா. தினம் முப்பது போதும், அதுல முதல் பத்து நோயாளி மாதிரி மெதுவா.

5. நிக்கிறது

ஜென்குட்சு டாச்சி, முன் பக்கம் சாய்ஞ்ச நிலை. ஒரு காலை முன்னாடி நீளமா வெச்சு முட்டியை மடக்குங்க, குனிஞ்சு பார்த்தா முட்டி பெருவிரலை மறைக்கணும். பின் கால் நேரா, குதிகால் தரையில. வெயிட் முன்னாடி அறுபது, பின்னாடி நாப்பது. ரெண்டு காலும் ஒரே கோட்டுல இருந்தா கயித்து மேல நடக்குற மாதிரி ஆடும், அதனால நடுவுல இடுப்பு அகலம் விடுங்க. முன் முட்டி உள்பக்கம் சாயவிடாதீங்க, வயசானவங்களுக்கு முட்டி போறது அங்க தான். முதல்ல முப்பது நொடி நில்லுங்க, தொடை தந்தி அடிக்கும், நாள் முழுக்க சேர்ல உக்காந்திருக்குற ஆளுக்கு இன்னும் நல்லாவே அடிக்கும்.

அப்படியே முன்னாடி போகும்போது பின் காலை இன்னொரு காலை ஒட்டி வளைச்சு கொண்டு போகணும், தலை எழும்பி எழும்பி இறங்கக்கூடாது. நான் சாயங்காலம் மொட்டை மாடியில கைப்பிடி சுவத்துல விழுற என் நிழலை பார்ப்பேன், தலை நிழல் ஒரே கோட்டுல போச்சுன்னா சரி.

6. தடுப்பு, உதை

கெடான் பராய், கீழ் பக்கம் தடுக்கிறது, முதல்ல இதை தான் சொல்லித்தருவாங்க. முஷ்டியை எதிர் தோள் கிட்ட கொண்டு போய் முன் முட்டிக்கு மேல ஒரு சாண் தள்ளி இறக்குறது. இங்கயும் இன்னொரு கை இடுப்புக்கு வந்தாகணும். மாய் கெரி, முன் உதை: முட்டியை தூக்கு, உதை, மடக்கு, இறக்கு, நாலு வேலை. கால் விரலை மேல வளைச்சு பாதத்தோட முன் மேடு படணும். சுவத்தை பிடிச்சுக்கிட்டு பழகுங்க, வெக்கமெல்லாம் வேண்டாம்.

7. முதல் கட்டா

கட்டான்னா எதிராளி இருக்குறதா நினைச்சுக்கிட்டு ஒரே வரிசையில செய்யற அசைவுகள். முதல்ல கத்துக்கிறது ஹெய்யான் ஷோடான். 21 அசைவு, இடது பக்கம் திரும்பி கெடான் பராய்ல ஆரம்பிக்கும். ஒக்கினாவாவுல இட்டோசுங்கிற மாஸ்டர் பள்ளிக்கூட பசங்களுக்காக உருவாக்குனது, அப்ப பேரு பினான். அவர்கிட்ட கத்துக்கிட்ட ஃபுனாகோஷி தான் 1922ல டோக்கியோவுக்கு வந்து கராத்தேவை காட்டி அங்க பரப்புனவர், இப்ப நாம செய்யற ஷோட்டோகான் அவர் வழி. அது வரைக்கும் சீனக்கைன்னு எழுதிட்டு இருந்த பேரை வெறுங்கைன்னு மாத்தி எழுதுனதுலயும் அவருக்கு பெரிய பங்கு.

மனப்பாடம் பண்ண முழுசா ஓட்டாதீங்க, அஞ்சு அஞ்சு அசைவா பிரிச்சு தினம் ஒரு துண்டு. ஜப்பானீஸ்ல ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுறதும் அதுலயே வந்துடும்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜு. ஒன்பதாவது அசைவுலயும் பதினேழாவதுலயும் கியாய், அதாவது அடிவயித்துல இருந்து ஒரு கத்தல். தொண்டையில கத்துனா ரெண்டு நாள்ல குரல் போயிடும். நான் மாடியில முழு சவுண்டுல பழகிட்டு இருந்தேன், நாலாவது நாள் கீழ் வீட்டு அக்கா மூச்சு வாங்க ஏறி வந்து "தம்பி, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா, ஆட்டோ கூப்பிடவா"ன்னு கேட்டாங்க. அதுல இருந்து வீட்டுல வாயை திறந்து மூச்சை மட்டும் விடுறது, கத்துறதெல்லாம் செவ்வாய், வியாழன் கிளாஸ்ல.