ரஸ்ட்டுக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிய விதம்

அலுவலகத்தில் ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் பயன்படுத்தலாம் என்றேன். "நாளைக்கு நீங்க வேற வேலைக்குப் போயிட்டா இதை யார் பார்ப்பாங்க?" மேலாளர் கேட்டது நியாயம்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே 2022-ல் 6.1 பதிப்பில் ரஸ்ட்டைச் சேர்த்துக்கொண்டது என்றேன், தலையாட்டினார், அவ்வளவுதான்.

அதனால் சர்வரைத் தொடவில்லை. இரவில் லாக் கோப்புகளை (நிரல்கள் எழுதிவைக்கும் பதிவுகளை) பிரித்தெடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட்டை மட்டும் ரஸ்ட்டில் எழுதினேன். பழையதையும் கூடவே ஓடவிட்டு, இரண்டின் வெளியீட்டையும் டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டினேன். கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) ஒரு வரி மாற்றினால் பழையதற்கே திரும்பலாம்.

முக்கியமாக, அடுத்து வந்த பிழையைச் சக ஊழியரிடம் விட்டேன். நினைவகத்தைத் தவறாகக் கையாளும் நிரலை ஏற்க மறுக்கும் ரஸ்ட்டின் பாரோ செக்கரோடு கொஞ்சம் மல்லுக்கட்டினார். ஆனால் எந்த வரியில் சிக்கல், எப்படிச் சரிசெய்யலாம் என்று நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அவர் திருத்தி முடித்த பிறகுதான் ஒப்புதல் வந்தது, அதுவும் அந்த ஒரு கருவிக்கு மட்டும்.