பேஸ் அமுங்கியது ஸ்பீக்கரால் அல்ல

பாட்டைக் கலவை செய்யும்போது கேட்டுச் சரிபார்க்க 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களை மாட்டியதும் பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் அமுங்கிப்போயின. கேபிளை மாற்றினேன், ஈக்யூவில் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 80 ஹெர்ட்ஸை ஏற்றினேன், எதுவும் எடுபடவில்லை. 8 அங்குலத்துக்கு விலைகூடப் பார்த்துவிட்டேன்.

நாற்காலியில் கேட்காத அதே சுரம், எழுந்து கதவோரம் போனால் திம்மென்று கேட்டது. அப்படியானால் கோளாறு அறையில்தான். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணித்து, சுமார் 86 ஹெர்ட்ஸில் நேராக வரும் ஒலிக்கு எதிர் அலையாக வந்து சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஈக்யூவில் ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்தே ஏறும்.

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் நகர்த்தினேன். (ஸ்பீக்கரின் காற்றுத்துளை முன்பக்கம் இருப்பதால் சுவர் அதை அடைக்காது.) சுரங்கள் திரும்பின. சுவரோரம் பேஸ் சற்றுத் தூக்கலாகவே, பின்பக்க சுவிட்சில் 2 டெசிபல் குறைத்தேன். அப்பாடா!