நல்ல முகவரிகளுக்கும் மடல் போகாமல் நின்றபோது

எங்கள் மின்மடற்குழுவில் ஒரே வாரத்தில் 40 பேருக்கு மடல் போவது நின்றுவிட்டது. நிறுத்தியது குழுவை நடத்தும் மென்பொருளான மெயில்மேன்தான். மடல் திரும்பி வரும் ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். 5 ஆனால் விநியோகம் நிற்கும். சரி என்று எல்லோரையும் மறுபடி இயக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் அதே கதை.

அப்புறம்தான் திரும்பி வந்த மடல்களைத் திறந்து படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை! முகவரியே இல்லையென்றால் 5.1.1 என்று குறியீடு வரும். இங்கே வரிசையாக 5.7.1, அனுமதி மறுப்பு என்று பொருள்; பக்கத்திலேயே டிமார்க் என்ற சொல். அனுப்புநர் முகவரி போலியா என்று பெறும் சர்வர் சோதிக்கும் முறை அது. அத்தனையும் ஒரே உறுப்பினர் தினமும் எழுதிய மடல்கள்.

அவருடைய டொமைன், டிமார்க்கில் தேறாத மடலை நிராகரிக்கச் சொல்லி அறிவித்திருந்தது. நாங்களோ தலைப்பில் குழுப் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் ஒட்டி அனுப்புகிறோம்; மடல் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பம் அங்கேயே உடைந்துவிடும். அனுப்புவது எங்கள் சர்வர் என்பதால், எந்த சர்வர் அனுப்பலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப்-ம் அவர் டொமைனோடு பொருந்தாது. இரண்டும் தவறியதால் டிமார்க்கில் தேறாமல் மடல் திரும்பியது. எழுதியவர் ஒருவர், தண்டனை வாங்கியவர்கள் வாங்கிப் படித்தவர்கள்.

மெயில்மேனின் அனுப்புநர் வடிகட்டிப் பக்கத்தில் டிமார்க் நடவடிக்கையை ‘மஞ்ச் ஃப்ரம்’ என்று மாற்றினேன். இப்போது அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரி நிற்கும், எழுதியவர் பெயரோடு. பார்க்க அழகில்லைதான். நின்றுபோனவர்களை மீண்டும் இயக்கினேன். அதற்குப் பிறகு திரும்பி வந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் 5.1.1.