கூட்டுக்குத் தீ வைக்கும் முன்

பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறப்பார்கள். வெள்ளையடிக்க ஏறியவர் மேல்மாடி விளிம்பைக் காட்டுவார். அங்கே முறத்தைவிட அகலமாக, கறுப்பாக ஒரு கூடு தொங்கும். "ராத்திரி பந்தம் கட்டிக் கொளுத்திரலாம்" என்று ஒரு குரல் வரும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் இது பழகிப்போன பேச்சு. பெரிய தவறும் இதுதான்.

அந்தக் கூடு மலைத்தேனீயுடையது. உயரமான இடத்தில், திறந்த வெளியில், ஒரே ஒரு அடை கட்டும். நம் மாடிகள் அதற்குப் பாறை மாதிரி. கொளுத்தினால் ஆயிரக்கணக்கில் கருகும். தப்பித்தவை மறுநாள் தெருவில் போகிறவர்களைப் பதம் பார்க்கும். பூ குறைந்ததும் இந்தத் தேனீ தானாகவே கிளம்பிவிடும் என்பதால், நாள் இருந்தால் விட்டுவிடுங்கள். முகூர்த்தம் நெருங்கிவிட்டதா? தேனெடுத்துப் பழகியவரைக் கூப்பிடுங்கள். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் ஹோமம் வளர்க்க வேண்டாம்.

கொட்டிய இடத்தில் கொடுக்கோடு ஒரு வாசனையும் தங்கும், பழுத்த வாழைப்பழம் போல. மற்ற தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. நின்று கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"அந்தக் கூட்டையே பெட்டியில வச்சு வளர்க்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. நடக்காது. இருட்டுப் பொந்தில் வரிசையாகப் பல அடை கட்டுகிற இந்தியத் தேனீயும் இத்தாலியத் தேனீயும்தான் பெட்டிக்குச் சரிவரும். அப்புறம், பழைய சுவரில் சின்னப் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் சிமெண்டு வைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டவே தெரியாது.

பெட்டி வாங்கியவர்கள் செய்யும் தவறுகள் வேறு. சித்திரை வெயில் நேரே விழும் இடத்தில் வைத்தால் அடை இளகித் தொங்கிவிடும். வேப்பமர நிழல் போதும். ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறும். குடிக்கத் தண்ணீர் என்று வாளியை வைத்தால் காலையில் தேனீக்கள் செத்து மிதக்கும். அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், கல்லில் உட்கார்ந்து குடிக்கும்.

என் முதல் பெட்டியை நான் தினமும் திறந்து பார்த்தேன். ஆசைதான். இரண்டு வாரத்தில் ஒரு காலை திறந்தபோது அடை மட்டும் இருந்தது. தொந்தரவு பொறுக்காமல் கூட்டத்தோடு கிளம்பிப் போவது இந்தியத் தேனீயின் குணம். வாரம் ஒருமுறை, கொஞ்சமாகப் புகை காட்டிப் பார்த்தால் போதும்.

தேன் எடுக்கும்போது மேல் அறையில் மெழுகு மூடிய அடைகளை மட்டும் தொடுங்கள். கீழே இருப்பது புழு வளரும் அறை. அங்குள்ள தேன் அவற்றின் சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக முடியாது, அப்போது இருப்பை நம்பித்தான் பிழைக்கும். அடையைக் கையால் பிழியவும் வேண்டாம். சுற்றி எடுக்கும் கருவி இருந்தால் அதே அடையைத் திருப்பி வைக்கலாம், தேனீக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம்.

தோட்டக்காரர்களுக்கும் ஒன்று. பரங்கிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீ வருவதும் அந்த நேரத்தில்தான். காலையில் மருந்தடித்தால் பூச்சியோடு தேனீயும் சாகும், மகரந்தம் சேர்க்க ஆளில்லாமல் காயும் போகும். அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.

தேன் வாங்குகிறவர்கள் தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பொழுதுபோக்குதான். கலப்படத்தை இவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. உறைந்துபோன தேனைச் சர்க்கரைப்பாகு என்று கொட்டிவிடவும் வேண்டாம். சுத்தத் தேனும் உறையும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது மட்டும் தேன் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, கைகால்களைத் துவளச் செய்துவிடும். அப்பத்தா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், பரவாயில்லை.